பிரேக் ஷூ மாற்றிய பிறகும் ஹேண்ட்பிரேக் உரசுகிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

காரின் பின்பக்க டிரம் பிரேக்கில் புது ஷூ போட்டேன். ஹேண்ட்பிரேக்கை முழுசாக இறக்கினாலும் இடது சக்கரம் உரசுகிறது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

பாதி நம்பலாம். டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம், ஷூ அதன் உள்சுவரில் அழுத்தும் வளைந்த கட்டை. ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான புது லைனிங், டிரம்மின் வளைவோடு பொருந்தக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். அதுவரை சக்கரத்தைக் கையால் சுற்றும்போது லேசாக உரசும் சத்தம் வருவது இயல்பு. கையால் தள்ளினால் ஒரு சுற்றுகூடப் போகாமல் நிற்கிறதென்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது தானாகச் சரியாகாது.

பிரேக்கை அதிகம் மிதிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, இரண்டு பின்சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தாலோ, கருகல் வாடை வந்தாலோ, வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள். சூடு ஏற ஏற லைனிங்கின் மேல்பரப்பு வழவழப்பாகிப் பிடிமானம் குறையும். பெடலை மிதிக்கும்போது ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் சீலும் கெட்டுப்போகும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இறக்கிய நிலையில், கேபிளின் அட்ஜஸ்ட் நட்டை முழுக்க லூஸ் செய்யுங்கள். சக்கரம் விடுபட்டால் சிக்கல் கேபிளில்: அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள், அல்லது உறைக்குள் துரு பிடித்துக் கம்பி திரும்பி வரவில்லை.

விடுபடவில்லையா? வீல் சிலிண்டரின் பிளீடர் திருகை (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் திருகு) கொஞ்சம் திறந்து பாருங்கள். அப்போது சக்கரம் விடுபட்டால், பெடலை விட்ட பிறகும் ஆயில் அழுத்தம் இறங்காமல் நிற்கிறது என்று அர்த்தம். உள்ளே உப்பி அடைத்த பழைய ரப்பர் ஹோஸ் இதைச் செய்யும், பெடல் மிதிப்பை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரும் செய்யும். திருகைத் திறந்துவிட்டால் கடைசியில் பிரேக் லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற மறக்காதீர்கள். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் டிரம்மைக் கழற்றியே ஆக வேண்டும். ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியை வைக்கும் அட்ஜஸ்டரை அதிகம் நீட்டியிருப்பார்கள், ஸ்பிரிங் இடம் மாறியிருக்கும், வீல் சிலிண்டர் பிஸ்டன் இறுகியிருக்கும், அல்லது டிரம்முக்குப் பின்னால் சுற்றாமல் நிற்கும் தகடான பேக் பிளேட்டில் ஷூ உட்காரும் மேடுகளில் பள்ளம் விழுந்து ஷூ அதில் சிக்கும். அந்த மேடுகளைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கான அதிவெப்ப கிரீஸை மட்டும் மெல்லிசாகத் தடவ வேண்டும். சாதா கிரீஸ் உருகி லைனிங்கில் இறங்கினால் புது ஷூ வீண்.

ஷூ மாற்றியதும் லீவர் ரொம்ப உயரத்தில்தான் பிடித்தது. கேபிளை டைட் செய்து கொடுத்தார்கள். இப்போது இரண்டு பக்கமும் உரசுகிறது.

நான் அதிகம் வருத்தப்படுவது இந்தத் தவறுக்குத்தான். ஷூவின் இடைவெளியை முதலில் வைக்க வேண்டும், கேபிளைக் கடைசியில்தான் தொட வேண்டும். ஷூவோடு சேர்ந்த சிறு ஹேண்ட்பிரேக் லீவர், கேபிள் இழுக்காதபோது தன் நிறுத்தத்தில் முழுக்கப் போய் உட்கார வேண்டும். இறுகிய கேபிள் அதைப் பாதி இழுத்தபடியே வைத்திருந்தால் ஷூ முழுசாகச் சுருங்காது. லைனிங் தேயத் தேய இடைவெளியைத் தானாகக் குறைக்கும் ஆட்டோ அட்ஜஸ்டரும் ஒழுங்காக வேலை செய்யாது.

எனவே கேபிளை லூஸ் செய்துவிட்டு, டிரம் மிக லேசான உரசலோடு ஏறும் அளவுக்கு அட்ஜஸ்டரை வையுங்கள். டிரம்மை மாட்டி, பெடலைப் பலமுறை மிதித்தால் ஷூக்கள் நடுவுக்கு வந்து உட்காரும். அப்புறம் கேபிள். லீவர் எத்தனை 'கடக்'கில் பிடிக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், ஓனர்ஸ் மேனுவலில் பாருங்கள். லீவரை இறக்கி, இரண்டு சக்கரமும் தாராளமாகச் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டியைக் கீழே இறக்க வேண்டும்.

புது ஷூவின் மேல் டிரம் ஏறவே இல்லை. சுத்தியலால் தட்டி ஏற்றினார்கள். தவறா?

தவறுதான். பழைய டிரம் உள்ளே தேய்ந்து, ஓரத்தில் ஒரு விளிம்பு நின்றிருக்கும். புது ஷூ அதில் இடிக்கிறது. லேத்தில் கொடுத்துக் கடையலாம். ஆனால் உள்விட்டத்தின் உச்ச அளவு பெரும்பாலும் டிரம்மிலேயே பொறித்திருக்கும், கடைந்தால் அதைத் தாண்டும் என்றால் புது டிரம்தான்.

தொடர்ந்து உரசவில்லை, சுற்றுக்கு ஒருமுறை மட்டும் 'சரக்' என்கிறது.

டிரம் வட்டம் தப்பியிருக்கலாம், அல்லது டிரம் உட்காரும் நடுப்பகுதியான ஹப்பில் துரு இருந்து டிரம் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். தட்டி ஏற்றியதில் வளைந்த பேக் பிளேட் விளிம்பையும் பாருங்கள்.

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரித்து மாட்டினோம். நாளாக ஆக ஹேண்ட்பிரேக் லூஸாகிக்கொண்டே போகிறது.

நட்சத்திரப் பல் உள்ள அட்ஜஸ்டர் என்றால், இடமும் வலமும் மாறியிருக்கலாம். பல வண்டிகளில் ஒன்றின் திருகு மரை வலப்புரி, மற்றதன் மரை இடப்புரி. மாற்றிப் போட்டால் ஆட்டோ அட்ஜஸ்டர் இடைவெளியைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடும். அடுத்தமுறை ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள், பிரிக்காத பக்கத்தைப் பார்த்து மாட்டலாம்.

என் காரில் பின்னாலும் டிஸ்க். ஹேண்ட்பிரேக்குக்கு ஷூ எங்கே?

சில மாடல்களில் டிஸ்க்கின் நடுக்குடத்துக்குள் சின்ன டிரம் பிரேக் ஒன்று தனியாக இருக்கும். டிஸ்க்கிலோ பேக் பிளேட்டிலோ உள்ள ரப்பர் மூடியை எடுத்து, ஸ்க்ரூடிரைவரால் நட்சத்திரப் பல்லைத் திருப்பி டிஸ்க் நிற்கும்வரை இறுக்கி, பிறகு மேனுவல் சொல்லும் எண்ணிக்கைக்குப் பின்னால் திருப்ப வேண்டும். இங்கும் கேபிள் லூஸாக இருக்கும்போதுதான்.

பழைய பிரேக் தூசியை ஏர் அடித்து எடுக்கலாமா?

கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. பிரேக் கிளீனரால் நனைத்துத் துணியால் துடையுங்கள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.