மலைக்கிராமத்துக்கு ரோடு கேட்டால் “காப்புக்காடு, அனுமதி கிடையாது” என்கிறார்கள். சட்டத்தில் வழி இருக்கிறதா?

இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் பாருங்கள். பள்ளி, ஆஸ்பத்திரி, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை என 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைத் தரலாம். 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் அதற்குத் தடையில்லை. வசதி அரசு நிர்வகிப்பதாக இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். ஊரில் யாருக்காவது வன உரிமைப் பட்டா வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை.

மனு நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. இந்த விண்ணப்பத்தைப் போட வேண்டியது சாலை போடும் அரசு அலுவலகம். பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம். ஆகவே முதலில் பிடிக்க வேண்டிய ஆள் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்). அவர் விண்ணப்பமான ‘ஏ’ படிவத்தை நிரப்பி, கிராம சபைத் தீர்மான நகலோடு ரேஞ்சரிடம் (வனச்சரகரிடம்) கொடுக்க வேண்டும்.

அதற்கு முன்பே எஸ்டிமேட்டைக் கவனியுங்கள். பாதிக் கோப்புகள் அங்கேயே விழுந்துவிடுகின்றன. 1 ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். சமவெளியில் போடுவதுபோல 6 மீட்டர் அகலம் எழுதினால் 1.6 கிலோமீட்டரிலேயே வரம்பு முடிந்துவிடும். 4 மீட்டர் என்றால் 2.4 கிலோமீட்டர் போகலாம்: 2,400 × 4 = 9,600 சதுர மீட்டர், அதாவது 0.96 ஹெக்டேர். ஆம்புலன்ஸ் ஏற 3 மீட்டர் தளம் போதும். மிச்ச ஒரு மீட்டரில் மேட்டுப்பக்கம் வடிகால் வரட்டும். வடிகாலைக் கணக்கில் விட்டால் ஐப்பசி மழையில் ரோடே கரைந்து போகும். இந்த அளவுக்கு வெட்டக்கூடிய மரங்கள் அதிகபட்சம் 72. ஓவர்சியரோடு நடந்து போய் எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிராம சபை. மலையடிவாரத்து ஊராட்சி அலுவலகத்தில் கூட்டினால் மேலேயிருந்து யார் இறங்கி வருவார்கள்? இந்தச் சட்டத்தில் ‘கிராமம்’ என்பது பழைய குடியிருப்புகளையும் அளவை செய்யாத ஊர்களையும் சேர்த்தது. எனவே அந்தக் குடியிருப்பிலேயே சபையைக் கூட்டக் கேளுங்கள். வயதுவந்தோரில் பாதிப்பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். “சாலை வசதி வேண்டும்” என்று மொட்டையாக எழுதிய தீர்மானம் திரும்பி வரும். வனச்சரகம், காப்புக்காட்டின் பெயர், தொடங்கும் இடம், முடியும் இடம், நீளம், அகலம், பரப்பு, மர எண்ணிக்கை எல்லாம் தீர்மானத்திலேயே இருக்கட்டும். வருகைப் பதிவில் கையெழுத்தோ ரேகையோ விடுபடக்கூடாது.

மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்தின் 18.5.2009 தேதியிட்ட நடைமுறைப்படி, ரேஞ்சர் இடத்தைப் பார்த்து 3 வாரத்துக்குள் ‘பி’ படிவத்தில் டி.எஃப்.ஓ.வுக்கு (மாவட்ட வன அலுவலருக்கு) அறிக்கை அனுப்ப வேண்டும். அவர் 4 வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். அவருக்குச் சம்மதம் இல்லையென்றால் கோப்பு கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும். “முடியாது” என்று வாயால் சொல்வது முடிவே ஆகாது. அதனால் ‘ஏ’ படிவம் கொடுத்த அன்றே ரேஞ்சர் அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் போட்ட நகலை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் 3 வாரத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் சிக்கல் கூடும். 3(2) பிரிவு விலக்குத் தருவது 1980 சட்டத்திலிருந்து மட்டும்தான். 1972 வன உயிரினச் சட்டத்தின் கீழான அனுமதியையும் கேட்பார்கள். 1 ஹெக்டேரைத் தாண்டும் நீண்ட பாதைக்கும் இந்த வழி உதவாது, முழு வன அனுமதி வாங்கியாக வேண்டும்.

2023 மே மாதம் வேலூர் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, ரோடு இல்லாததால், பெற்ற தாயே தூக்கிக்கொண்டு நடந்தார். தூளி கட்டி நோயாளியை இறக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. உங்கள் ஊர் அதில் ஒன்றென்றால் அடுத்த வழக்கமான கிராம சபை நாள் வரை காத்திருக்க வேண்டாம். சிறப்பு கிராம சபை கேட்டு இந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.