வர்த்தக ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டாமா?

கையெழுத்தான பிறகே நமக்குத் தெரியவரும் வர்த்தக ஒப்பந்தங்களை டெல்டா விவசாயி எப்படி நம்புவது, நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி வேண்டியதில்லை. ஒப்பந்தம் செய்வது ஒன்றிய அரசின் நிர்வாக அதிகாரம். அதைச் செயல்படுத்தப் புதிய சட்டம் தேவைப்பட்டால் மட்டுமே அரசியலமைப்பின் 253ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்றுகிறது. வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருந்தும், பேச்சுவார்த்தையில் மாநிலங்களுக்கு இடமில்லை.

எந்த வரியில் எவ்வளவு இறங்கி வருவோம் என்பது எதிர்த்தரப்புக்குத் தெரிந்தால் பேரம் படியாது என்ற அரசின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் இலக்குகளைச் சொல்வது வேறு, கடைசி விலையைச் சொல்வது வேறு. அமெரிக்காவுடன் பேசத் தன் பிரதிநிதிகளுக்கு அளித்த வழிகாட்டு ஆவணத்தை, கடும் விமர்சனத்துக்குப் பின், ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் வெளியிட்டது.

பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பகுதித் தென்னை விவசாயிகள் கொப்பரை விலை சரியும்போதெல்லாம் பாமாயிலையும், அதை அனுப்பும் இந்தோனேசியா, மலேசியா உள்ளிட்ட தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் செய்துகொண்டு 2010இல் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தையும் சேர்த்தே குறைசொல்வதுண்டு. உண்மையில், ஒப்பந்தம் அனுமதித்த உச்சவரம்புக்கும் கீழே பாமாயில் வரியைச் சில ஆண்டுகளில் ஒன்றிய அரசே, விலைவாசியைக் காரணம் காட்டி, குறைத்தது. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு, நெற்பயிர் நிற்கும்போதே ஈரவயலில் தெளிக்கப்படும் உளுந்தின் கதையும் அதுதான்: மியான்மர் உளுந்துக்கு வரிவிலக்கு அளிப்பது ஒப்பந்தம் அல்ல, அரசு தானே வெளியிடும் அறிவிக்கை. ஒப்பந்தம் எது, அறிவிக்கை எது என்று விளக்க எவரும் முன்வராதபோது, விவசாயி இரண்டையும் ஒன்றாகச் சந்தேகிப்பதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன்.