புற்றுநோய் இல்லை என்றால் நுரையீரல் அறுவைக்குப் பிறகு ஃபாலோ அப் தேவையா?

நுரையீரல் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகிறது, வலியும் குறைந்துவிட்டது, 'கேன்சர் இல்லை' என்று டாக்டரே சொல்லிவிட்டார், இனியும் ஃபாலோ அப்புக்குப் போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகத்தான் வேண்டும். உங்களுக்கு எதற்காக அறுவை நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நீர்க்கட்டியோ, சீழோ, காற்றுக் கொப்புளமோ, பழைய காசநோயின் தழும்போ, எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு சொற்களைக் கேட்டதும் வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்திருக்கும், அன்றோடு ஃபைல் அலமாரிக்குள் போயிருக்கும் என்று நினைக்கிறேன். என் ஃபைலும் அப்படித்தான் போயிற்று. நான் மருத்துவம் படித்தவள் இல்லை. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். மருத்துவர்களைக் குறை சொல்வதற்காக எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர்கள் செய்த அறுவையால்தான் இன்று மாடிப்படி ஏறி இறங்குகிறேன்.

எனக்கு வந்தது நியூமோதொராக்ஸ். நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையில் காற்று புகுந்து, நுரையீரல் சுருங்கிப்போவதை அப்படிச் சொல்கிறார்கள். 14 மாதத்தில் மூன்று முறை வந்தது, மூன்று முறையும் வலப்பக்கம். முதல் இரண்டு தடவையும் விலா எலும்புகளுக்கு இடையே குழாய் போட்டுக் காற்றை வெளியேற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது முறை மூன்று சிறு துளைகள் வழியாக அறுவை செய்து, நுரையீரலின் மேல்நுனியில் இருந்த கொப்புளத்தை வெட்டி ஸ்டேப்ளர் போட்டு மூடி, நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டிக்கொள்வதற்காக உட்பரப்பைத் தேய்த்துவிட்டார்கள். உதரவிதானத்தில், அதாவது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையில், சில பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன, ஒரு துணுக்கை பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கிறோம், பார்த்த வரையில் கேன்சர் மாதிரி எதுவும் இல்லை என்று அறுவை நிபுணர் என் கணவரிடம் சொன்னார். அவர் காதில் விழுந்தது கடைசிப் பகுதி மட்டும்தான்.

அடுத்த நான்கு நாள் கட்டிலுக்குக் கீழே இருந்த பாட்டிலைப் பார்த்தே கழிந்தது. மார்பிலிருந்து வந்த குழாயின் முனை அதிலிருந்த தண்ணீருக்குள் முங்கியிருக்கும். மூச்சை இழுத்தால் குழாயில் நீர்மட்டம் ஏறும், விட்டால் இறங்கும். இருமினால் குமிழிகள் கிளம்பும். குமிழி வரும்வரை எங்கோ காற்றுக் கசிகிறது என்று பொருள். முதல் நாள் ஒரு இருமலுக்குப் பொலபொலவென்று வந்தவை மூன்றாம் நாள் ஒன்றிரண்டாகி, நான்காம் நாள் காலையில் எவ்வளவு இருமியும் வராமல் நின்றுவிட்டன. அன்று மாலை, மூச்சை உள்ளே அடக்கி முக்கச் சொல்லிவிட்டு, ஒரே இழுப்பில் குழாயை எடுத்து, முன்பே போட்டு வைத்திருந்த தையலை இறுக்கி முடிச்சிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியவற்றை உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்: நடப்பது, கனமானதைத் தூக்காமல் இருப்பது, வலிக்குப் பயந்து தோளை அசைக்காமல் விட்டால் இறுகிவிடும் என்பதால் கையை மெல்ல உயர்த்திப் பழகுவது. இருமலை அடக்காதீர்கள்; அறுவை நடந்த பக்கத்தில் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமிச் சளியை வெளியேற்றுங்கள். மூன்று பந்துகள் உள்ள அந்த மூச்சுக் கருவியைப் பலர் ஊதுகிறார்கள். அது ஊதுவதற்கு அல்ல. மெதுவாக உறிஞ்சிப் பந்தைச் சில நொடிகள் மேலேயே நிறுத்த வேண்டும்.

எனக்கு யாரும் சரியாகச் சொல்லாமல் விட்டது நரம்பு வலியைப் பற்றி. தையல் பிரித்து, காயம் ஆறி, வேலைக்கும் போகத் தொடங்கிய பிறகு, ஐந்தாவது வாரத்தில் முதுகிலிருந்து மார்பின் கீழ்வரை பட்டை கட்டியதுபோல் ஒரு பகுதி மரத்துப்போனது. அதே இடத்தில் துணி உரசினால் தீப்பட்டதுபோல் எரிந்தது. வெட்டு சிறிதாக இருந்தாலும், கருவிகள் போய்வரும் வழியில் விலா எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்குவதால் இப்படி வரும் என்பதும், வழக்கமான வலி மாத்திரைக்கு அது அடங்காவிட்டாலும் அதற்கென்று வேறு மருந்துகள் உண்டு என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நுரையீரல் மறுபடியும் சுருங்கிவிட்டது என்று அஞ்சித்தான் மருத்துவமனைக்கு ஓடினேன். அதற்கு முன்பு, இரண்டாவது வாரத்தில் ஒரு முறை போயிருந்தேன்; அன்று இருந்த இளம் மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்து, நன்றாக விரிந்திருக்கிறது, இனி தேவைப்பட்டால் வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்.

இந்த முறை வேறொரு மருத்துவர். எக்ஸ்ரேயில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியை முதல் வரியிலிருந்து படித்தார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, "பயாப்ஸி ரிப்போர்ட் எங்கேம்மா?" என்று கேட்டார். 'முடிவு எதிர்பார்க்கப்படுகிறது' என்று அங்கே ஒரு வரி இருந்தது. ஆய்வகத்தில் கேட்டோம். அறுவை முடிந்த எட்டாம் நாளே கையெழுத்தாகி, வாங்க ஆளில்லாமல் அங்கேயே கிடந்திருக்கிறது. கர்ப்பப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு உதரவிதானத்தில் இருப்பதாக அதில் எழுதியிருந்தது. எண்டோமெட்ரியோசிஸ், அதுவும் மார்பறையில்.

அங்கிருந்து மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, நுரையீரல் சுருங்கிய மூன்று முறையும் மாதவிடாய் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதுதான். கைப்பேசியில் குறித்து வைத்திருந்தேன். மருத்துவமனையில் சேர்ந்த தேதிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தோம்: மூன்று முறையும் மாதவிடாய் தொடங்கிய இரண்டு நாளுக்குள். மாதவிடாயோடு சேர்ந்து நுரையீரல் சுருங்கும் இந்த நோய் 1958ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. மாதவிடாய் தொடங்கி 72 மணி நேரத்துக்குள், பெரும்பாலும் வலப்பக்கத்தில் வரும். அந்த 14 மாதத்தில் புகைபிடிப்பேனா என்று என்னிடம் குறைந்தது ஏழு பேர் கேட்டார்கள். மாதவிடாயைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேள்விக்குத் தொடர்பில்லாததைப் பேசுகிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் நுரையீரல் சுருங்கி வரும் ஒரு பெண்ணிடம் கேட்க ஒரு நிமிடம்கூடப் பிடிக்காத கேள்வியை யாருமே கேட்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அறுவை மட்டும் போதாது, மீண்டும் வரும் வாய்ப்பு இந்த நோயில் அதிகம் என்று ஹார்மோன் சிகிச்சை தொடங்கினார்கள். ஆறு மாதம் ஊசி, பிறகு மாத்திரை. இரண்டு ஆண்டு ஆகிறது, மறுபடியும் வரவில்லை. அந்த ரிப்போர்ட் ஆய்வகத்திலேயே கிடந்திருந்தால் இந்த மருந்து எதுவும் எனக்குக் கிடைத்திருக்காது.

என் நோய் அரிது, உங்களுக்கு அது பொருந்தாது என்று யாராவது பின்னூட்டத்தில் எழுதக்கூடும். பொருந்தாமலே போகட்டும். ஆனால் எதை வெட்டி எடுத்திருந்தாலும் அது ஆய்வகத்துக்குப் போயிருக்கும், அதற்கொரு முடிவும் வந்திருக்கும். காசநோய்க் கிருமியோ பூஞ்சையோ தெரியவந்தால் பல மாத மருந்து தேவைப்படலாம். சில முடிவுகள் வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவை ஃபைலில் இருக்காது.

போகும்போது விமானப் பயணத்தைப் பற்றியும் கேளுங்கள். மேலே போனதும் விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும், மார்பறையில் காற்று மிச்சமிருந்தால் விரியும். ஆகவே அது முழுதும் நீங்கியது எக்ஸ்ரேயில் உறுதியான பிறகும் சில நாள் பொறுக்கச் சொல்வார்கள். திடீர் மூச்சுத்திணறல், காய்ச்சல், இருமலில் இரத்தம், காயத்தில் சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், தோலை அழுத்தினால் நொறுநொறுவென்ற உணர்வு, இவற்றில் எது வந்தாலும் குறித்த தேதிவரை காத்திருக்காமல் உடனே போங்கள்.

இப்போது அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்து, டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பயாப்ஸியோ கிருமிப் பரிசோதனையோ முடிவு வரவில்லை என்று எழுதியிருந்தால், நாளைக் காலையில் ஆய்வகத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். வாங்கியதும் ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொண்டு, அசலை உங்களுக்கு அறுவை செய்தவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.