சிறப்புக் கல்வி பி.எட்: போடும் பணம் திரும்பி வருமா? கேள்வி பதில்

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளோடு பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். முதலில் டிப்ளமோ, வேலை பார்த்துக்கொண்டே பிறகு பி.எட். படிப்புச் செலவு, சம்பளம் இரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பி.எஸ்சி கணிதம் முடித்திருக்கிறேன், விருதுநகர். ஒரு தனியார் கல்லூரியில் இரண்டு வருடத்துக்கு 1,40,000 ரூபாய் கேட்கிறார்கள். விடுதி தனி. வங்கியில் கடன் வாங்கிச் சேரலாமா அக்கா?

கல்லூரிக்காரர்கள் சொல்லும் தொகை பாதிக் கணக்குதான் தங்கச்சி. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 5,000 என்று வைத்தாலே இரண்டு வருடத்தில் ஒரு லட்சம் தாண்டும். பயிற்சிக்குத் தினமும் வேறு பள்ளிக்குப் போகும் பஸ் செலவு, ரெக்கார்டு நோட்டுகள், சார்ட், லேமினேஷன், வெல்க்ரோ, கற்பித்தல் பொருள் எல்லாம் நம் கைக்காசு. நான் படித்தபோது ஜெராக்ஸ் கடைக்காரர் எனக்கென்று தனிக் கணக்கு நோட்டே வைத்திருந்தார். ஒரு பிள்ளைக்கு எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்தை மூன்று முறை திருத்தச் சொல்வார்கள், மூன்று முறையும் பிரிண்ட்.

ஆகக் குறைந்தது இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 10.5 சதவீத வட்டிக்கு, ஐந்து வருடத்தில் கட்டுவதாக எடுத்தால் தவணை மாதம் 5,400 ரூபாய்க்குப் பக்கம் வரும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. என்னிடம் பயிற்சிக்கு வந்த மூன்று பெண்கள் போன வருடம் தனியார் சிறப்புப் பள்ளிகளில் சேர்ந்தார்கள். வாங்கும் சம்பளம் 13,000, 15,000, 18,000. பதினைந்தாயிரத்தில் 5,400 போனால் மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே பாருங்கள்.

படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கடன் ஒரு லட்சத்துக்கு மேல் போக வேண்டாம் என்கிறேன். வீட்டிலிருந்து போய்வரக்கூடிய கல்லூரி கிடைத்தால் அதுதான் உங்களுக்கு உதவித்தொகை. வேலையில் இருந்தால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள், அங்கே சிறப்புக் கல்வி பி.எட் நடத்தியிருக்கிறார்கள். முட்டுக்காட்டில் ஒன்றிய அரசின் பல்வகைக் குறைபாடு உடையோர் தேசிய நிறுவனம் இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டுத் தனியாருக்குப் போங்கள்.

ஆறு மாத ஆன்லைன் டிப்ளமோ, 18,000 ரூபாய். "சிறப்புக் கல்வியாளர்" என்று சான்றிதழ் தருகிறார்கள். குறைந்த செலவில் முடிந்துவிடுமே மேடம்?

முடிந்துவிடும், பணமும்தான். இந்தப் படிப்புகளை முறைப்படுத்தும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், "சர்வதேச அங்கீகாரம்" என்று ஆரம்பிப்பார்கள். 1992 சட்டப்படி அந்த கவுன்சிலின் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த ஆயிரம் ரூபாய்க்குப் பயந்து யாரும் கடையை மூடியதாக நான் பார்த்ததில்லை, அது வேறு கதை. ஆனால் நல்ல பள்ளி எதுவும் முதலில் கேட்பது அந்தப் பதிவு எண்ணைத்தான். அது இல்லாத சான்றிதழை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டலாம், சம்பளத்துக்கு உதவாது. பதிவை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர் பயிற்சிகளில் கலந்துகொள்ள வேண்டும், அந்தக் கட்டணத்தையும் செலவில் எழுதுங்கள்.

இரண்டு வருட பி.எட் இனி கிடையாது, நான்கு வருடம்தான் என்கிறார்களே?

2024 ஜனவரியில் கவுன்சில், இரண்டு வருடப் படிப்புக்குப் பதில், பட்டமும் பி.எட்டும் சேர்ந்த நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்புக்கு மாறுவதாக அறிவித்தது. அதனால் எந்தக் கல்லூரியில் முன்பணம் கட்டினாலும், அந்தக் கல்வியாண்டுக்கு, அந்தக் குறைபாட்டுப் பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளப் பட்டியலில் நீங்களே பாருங்கள். போன வருடத்து ஆணையின் நகலைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

டி.ஆர்.பி. நடத்தும் சிறப்பாசிரியர் தேர்வுக்கு இந்தப் படிப்பு போதுமா?

இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை! அரசுக் கணக்கில் "சிறப்பாசிரியர்" என்றால் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி. நம்மைச் "சிறப்பு பயிற்றுநர்" என்பார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை. பெயரைப் பார்த்துவிட்டுத் தேர்வுக் கட்டணம் கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும்.

அப்புறம், சாதாரண ஆசிரியராகப் போக முடியுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமத்தின் 2010 அறிவிப்பின்படி, சிறப்புக் கல்வியில் டிப்ளமோ முடித்தவர்கள் ஐந்தாம் வகுப்பு வரைக்கும், பட்டத்தோடு பி.எட் முடித்தவர்கள் ஆறு முதல் எட்டு வரைக்கும் வரலாம். வேலையில் சேர்ந்தபின் ஆறு மாதப் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டும். தகுதித் தேர்வு எல்லோருக்கும் போல உங்களுக்கும் உண்டு.

அரசு வேலை கிடைத்தால் எவ்வளவு வரும்? உண்மையிலேயே கிடைக்குமா?

நிரந்தர வேலை என்றால் கணக்கே வேறு. கேந்திரிய வித்யாலயாவில் தொடக்கநிலை ஆசிரியருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 35,400, பட்டதாரி ஆசிரியருக்கு (டி.ஜி.டி.) 44,900. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி இதற்கு மேல். சிறப்புக் கல்வி ஆசிரியருக்கும் இதே நிலைகள்தான். டெல்லி அரசுப் பள்ளிகளிலும் டி.ஜி.டி. நிலையில் எடுக்கிறார்கள். மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். கேந்திரிய வித்யாலயாவில் பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு தொடக்கநிலைக்கு 30, டி.ஜி.டி.க்கு 35. இருபத்தெட்டு வயதில் படிக்க ஆரம்பிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மாநில அரசுப் பள்ளிகளைப் பொறுத்தவரை, இப்போது இருப்பவர்களில் பெரும்பாலோர் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள். 2022-ல் ஒன்றிய அரசு ஒரு விகிதம் அறிவித்தது: தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர். அந்த விகிதப்படி பணியிடங்களை உருவாக்கி அறிவிக்கும்படியும், தகுதியுள்ள ஒப்பந்த ஆசிரியர்களைக் குழு வைத்துப் பரிசீலிக்கும்படியும் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் உத்தரவை நம்பிக் கடன் வாங்காதீர்கள், பணியிட அறிவிப்பு கையில் வரட்டும்.

ஒப்பந்த வேலையில் அன்றாடம் எப்படி இருக்கும்? சம்பளம் ஒழுங்காக வருமா?

பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இருப்பவர்கள் வாரத்தில் சில நாள் பள்ளிகளுக்குப் போவார்கள், சில நாள் வீட்டுவழிக் கல்வி. எழுந்து வர முடியாத பிள்ளையின் வீட்டுக்கே போவது. ஒரு நாளில் மூன்று ஊர் என்றால் பெட்ரோல் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வண்டி ஓட்டத் தெரியாத பெண்கள் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள், இந்த வேலைக்கு அதுவும் ஒரு தகுதி.

தொண்டு நிறுவனப் பள்ளிகளில் பல இடங்களில் மானியம் வந்தால்தான் சம்பளம். நான் வேலை செய்த ஒரு பள்ளியில் நான்கு மாதம் வரவில்லை. அந்த நான்கு மாதமும் ஒரு பையனுக்குச் சட்டைப் பட்டன் போடப் பழக்கிக்கொண்டிருந்தேன். கடைசிப் பட்டனை மட்டும் அவன் போட, மீதியை நான். பிறகு கடைசி இரண்டு. மேலிருந்து ஆரம்பித்தால் தோற்றுத் தோற்று எரிச்சல் வரும், கீழிருந்து வந்தால் முடித்த சந்தோஷம் அவனுக்கே. அவன் நான்காவது பட்டனுக்கு வந்தபோது எனக்குச் சம்பளம் வந்தது. வேலைக்குச் சேரும்போது "சம்பளம் எந்தத் தேதி?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். அங்கே வேலை செய்பவரிடம் தனியாக ஒரு முறை கேளுங்கள்.

என் மகனுக்கு ஆட்டிசம், வயது ஆறு. வேலையை விட்டுவிட்டு நானே பி.எட் படிக்கலாமா என்று யோசிக்கிறேன். மாதம் 32,000 வாங்குகிறேன்.

வேலையை விடாதீர்கள் அம்மா. இரண்டு வருடத்தில் நீங்கள் இழக்கும் சம்பளம் மட்டும் 7,68,000 ரூபாய். படித்து முடித்து வெளியே வந்தாலும் இந்த 32,000-ஐத் தொட வருடங்கள் ஆகும். உங்களுக்குத் தேவை பட்டம் இல்லை, அவனைப் பழக்கும் வழி. பெற்றோருக்கான பயிற்சி நடத்தும் நல்ல மையத்தில் சேருங்கள், அவனுடைய தெரபி நேரத்தில் கூட உட்கார அனுமதி கேளுங்கள். உட்கார விடாத மையம் என்றால் மாற்றிவிடுங்கள். இந்தத் தொழில்தான் வேண்டும் என்று மனது பிறகும் சொன்னால், வேலையில் இருந்தபடி படிக்கும் வழியைப் பார்ப்போம்.

தங்கை நியூஜெர்சியில் இருக்கிறாள். அங்கே சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்குக் கடன் தள்ளுபடி உண்டாமே?

உண்டு. குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தொடர்ந்து ஐந்து வருடம் முழுநேரமாக வேலை செய்யும் சிறப்புக் கல்வி ஆசிரியருக்கு 17,500 டாலர் வரை. ஆனால் தள்ளுபடி அமெரிக்க அரசுக் கடனுக்குத்தான், அதை வாங்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். கணவரின் விசாவில் இருந்தால் பொருந்தாது. "டீச் கிராண்ட்" என்று வருடத்துக்கு 4,000 டாலர் வரை தருவது ஒன்று உண்டு. படிப்பு முடிந்து எட்டு வருடத்துக்குள் நான்கு வருடம் குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பணியாற்றாவிட்டால் அது அப்படியே வட்டியோடு கடனாக மாறிவிடும். இலவசம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேட்கக் கூடாதுதான்... உங்கள் சம்பளம் எவ்வளவு அக்கா?

கேட்கலாம், நானே கேட்கச் சொன்னதுதானே. 6,500-ல் ஆரம்பித்தேன். இப்போது பள்ளியில் 34,000. மாலையில் இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டில் எடுப்பதில் இன்னொரு 10,000. என்னோடு பி.எஸ்சி படித்து வங்கிக்குப் போனவள் இதைப்போல இரண்டு மடங்கு வாங்குகிறாள். பி.எட் கடனின் கடைசித் தவணையைக் கட்டி ஆறு வருடம் ஆகிறது, அந்த ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது.