700 மீற்றர் ஒழுங்கைக்கு ஸ்லிப்ஃபார்ம் மெஷின் கட்டுமா?

நிலாவெளிப் பக்கம் வேலை செய்யும் ஒப்பந்தகாரர் ஒருவர் கேட்கிறார்: "3 மீற்றர் அகலம், 150 மில்லிமீற்றர் தடிப்பு, 700 மீற்றர் நீளத்தில் ஒரு ஒழுங்கைக்குக் கொங்கிரீட் போட வேண்டும். ஸ்லிப்ஃபார்ம் பேவர் வாடகைக்கு எடுக்கலாமா?"

இந்த வேலைக்கு வேண்டாம். மெஷினில் குறையில்லை. பக்கப் பலகை இல்லாமலே கலவையை அதிரவைத்து அச்சுக்குள் இறுக்கி, ஓரம் நேராக நிற்கும் தளமாகப் பின்னால் விட்டுக்கொண்டு போகும். ஆனால் அதற்கு ஓயாமல் கலவை வர வேண்டும். நிமிடத்துக்கு 1 மீற்றர் நகர்ந்தாலே உங்கள் அளவுக்கு மணிக்கு 27 கன மீற்றர். 6 கன மீற்றர் மிக்ஸர் லொறி 13 நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டும். லொறி பிந்தினால் மெஷின் நிற்கும், நின்ற இடத்தில் மேடு விழும். அந்த வேகத்தில் உங்கள் 315 கன மீற்றரும் 12 மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அதற்காக மெஷினை ஏற்றி இறக்கி, அதற்கு வழிகாட்டும் கம்பியை ஓரமாகக் கட்டி, அதைத் தொட்டு ஓடும் சென்சர் சரிபார்ப்பது வீண் செலவு.

கலவையும் வேறு. ஸ்லம்ப், அதாவது கூம்பு அச்சை எடுத்ததும் கலவை எவ்வளவு அமர்கிறது என்ற அளவு, 25 முதல் 50 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். பம்புக்குப் போடும் இளகிய கலவை என்றால் ஓரம் சரிந்துவிடும். அப்புறம், இரண்டு பக்கமும் சங்கிலிச் சக்கரம் ஓட இறுகிய நிலம் வேண்டும். மதிலும் வேலியும் நெருங்கிய மணல் ஒழுங்கையில் அது கிடைக்காது. பல கிலோமீற்றர் பெருந்தெரு, அல்லது நீளமான வீதியோரக் கட்டு என்றால் நானே எடுக்கச் சொல்வேன்.

நீங்கள் இரும்புச் சட்டம் வைத்து, போக்கர் (கலவைக்குள் விட்டு அதிரவைக்கும் கருவி) போட்டு, அதிர்வு மட்டச்சட்டத்தால் இழுங்கள். மிஞ்சும் காசை ஈரம் காப்பதில் போடுங்கள், அங்கேதான் வீதி பிழைக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்பரப்பு மளமளவென்று காய்ந்து, இறுகுமுன்னே மயிர்வெடிப்பு விடும். விடியற்காலையில் ஊற்றுங்கள். மேலே பளபளக்கும் நீர் மறைந்ததும் ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும் கியூரிங் திரவம் தெளியுங்கள், இல்லையென்றால் ஈரச்சாக்கு போட்டு 7 நாள் காயவிடாமல் பாருங்கள்.

தளம் கண்டபடி வெடிக்காமல் இருக்கக் குறுக்கே வாளால் மூட்டு வெட்டுவதை மறுநாளைக்குத் தள்ள வேண்டாம். ஓரம் உதிராமல் வாள் ஓடுகிற அளவுக்கு இறுகியதும், அந்த வெயிலில் சில மணித்தியாலத்திலேயே, 3.5 மீற்றருக்கு ஒன்றாக 40 முதல் 50 மில்லிமீற்றர் ஆழத்துக்கு வெட்டிவிடுங்கள். வெட்டும் மெஷினும் ஆளும் அன்றைக்கே தளத்தில் நிற்க வேண்டும்.