கேளுங்க அக்காவை: அதே விதை, அதே தேதி, அதே வெள்ளம்

கேள்வி: எங்களுக்கு திருத்துறைப்பூண்டி பக்கம்க்கா. ரெண்டு வருஷமா சம்பா தண்ணில போயிடுச்சு, நகைக்கடன் வேற இருக்கு. வீட்டுக்காரர் இந்த வருஷமும் அதே மாதிரிதான் நடுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. விடாமுயற்சின்னு கூட நிக்கிறதா, வீம்புன்னு தடுக்கிறதா?
(பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, வயல விடமாட்டேங்கிறாரு பாரு, அதுல கை வைக்காத. அந்த "அதே மாதிரி"ங்கிறத மட்டும் உக்காந்து பேசு. தண்ணி மொதல்ல எந்த மூலையில ஏறுச்சு, எத்தன நாள் நின்னுச்சு, அப்ப பயிருக்கு என்ன வயசு, இதெல்லாம் அவருக்கு மனப்பாடமா இருக்கும், கேட்டு கேட்டு ஒரு நோட்டுல எழுதி வை. ரெண்டு வருஷ நஷ்டத்துக்கு கெடச்சது அந்த கணக்குதான், அதையும் தொலைச்சுடக்கூடாது.

பள்ளமான வயலுக்கு சிஆர் 1009 சப் 1ங்கிற நெல் ரகத்த விசாரிச்சு பாருங்க. இளம்பயிரா இருக்கறப்ப முழுசா மூழ்கினாலும் ரெண்டு வாரம் வரைக்கும் தாங்கும், வடிஞ்சதும் துளிர்த்துக்கும், ஆனா 150 நாளுக்கு மேல போற ரகம், ஆகஸ்ட்லயே விதைச்சாகணும், பூக்குற நேரத்துல மூழ்கினா அதுவும் கை கொடுக்காது. அப்புறம் வடிகால் வாய்க்கால்! அதுல ஆகாயத்தாமரை அடைச்சு கெடந்தா எந்த விதைய போட்டு என்ன, ஐப்பசி மழைக்கு முன்னாடியே பக்கத்து வயக்காரங்களையும் கூப்ட்டு எடுத்துடுங்க. சம்பா காப்பீட்டுக்கு பெரும்பாலும் நவம்பர் நடுவுலயே கெடு முடிஞ்சுடும், மழை ஆரம்பிச்சப்புறம் ஓடாதீங்க. இருக்கற மிச்ச நகையையும் வைக்க சொன்னா மட்டும் முடியாதுன்னு சொல்லிடு, இதுல நான் கண்டிப்பா உன் பக்கம்தான்.

2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் அடிச்சு பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கம் தென்னை எல்லாம் வேரோட சாஞ்சு கெடந்துச்சே, நெட்டை ரகம் காய்ப்புக்கு வரவே ஆறேழு வருஷம் ஆகும், அதுவரைக்கும் அடுப்பு எரியணுமே. தென்னங்கன்ன மறுபடி வெச்சுட்டு நடுவுல உளுந்து, கடலைன்னு போட்டு ஓட்டினவங்கதான் தாக்குப்பிடிச்சாங்க. உங்க வீட்டுக்காரர அப்படி ஒருத்தர்கிட்ட கூட்டிட்டு போய் பேச விடு, நீயும் நானும் சொல்றதவிட அது நல்லா ஏறும்.

கேள்வி: பெரியவங்க சொல்ற விதைப்பு பட்டமெல்லாம் இப்ப பொய்யாகுதே, அவங்க அனுபவத்த நம்பலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: தேதிய நம்பி இருக்க முடியாதுதான். ஜூன் 12ல தொறக்க வேண்டிய மேட்டூர் அணைய 2022ல மே 24லயே தொறந்தாங்க, 2024ல ஜூலை 28 ஆயிடுச்சு. ஆனா தண்ணி தாமதமான வருஷங்கள்ல அவங்க குறுவைய விட்டுட்டு நேரா சம்பாவுக்கு போனாங்களா, நாத்து விடாம நேரடியா விதைச்சாங்களா, எத வெச்சு அந்த முடிவுக்கு வந்தாங்கன்னு கேளுங்க. அத சொல்லத் தெரிஞ்சவங்க இன்னும் ஊருக்கு நாலு பேர் இருக்காங்க, இந்த வாரமே போய் உக்காந்து கேட்டுடுங்க.