லேப்டாப்பில் கீபோர்டு வாசித்தால் ஒலி பிந்துவது ஏன்?

கேள்வி: குழித்துறையில் இன்னிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கிறேன். கோயில் கொடை, சர்ச் திருவிழா, எல்லை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் கானமேளா என்று நிகழ்ச்சிகள் உண்டு. கீபோர்டை யூஎஸ்பி ஒயரில் லேப்டாப்போடு இணைத்து, மென்பொருளில் உள்ள நாதஸ்வரம், வயலின் டோன்களை வாசித்துப் பார்த்தேன். கட்டையை அழுத்திக் கொஞ்சம் கழித்தே சத்தம் வருகிறது. மேடையில் ஓயாத இரைச்சல் வேறு. புது லேப்டாப் வாங்க வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து நேரே மிக்சருக்கு ஒயர் கொடுத்திருந்தால், இரண்டு தொல்லைக்கும் பெரும்பாலும் அந்த இணைப்புதான் காரணம்.

முதலில் தாமதம். கணினி ஒலியைச் சிறு துண்டுகளாகச் சேர்த்துத்தான் வெளியே விடும். அந்தத் துண்டின் அளவுக்குப் பெயர் பஃபர். நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் நுண்ணிய அளவுப்புள்ளி) எடுக்கும் 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்றால் 5.3 மில்லிசெகண்ட், 1024 என்றால் 21 மில்லிசெகண்ட். விண்டோஸின் பொதுவான டிரைவரில் (ஒலிக்கருவியைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) தாமதம் இன்னும் கூடும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகிறது. மானிட்டர் ஸ்பீக்கர் மூன்று மீட்டர் தள்ளி இருந்தால் அங்கேயே 9 போய்விட்டது. எல்லாம் சேர்ந்து 10-க்குள் நின்றால் கைக்குத் தெரியாது. 20-ஐத் தாண்டினால் தபேலாவோடு ஒட்டாமல் இழுக்கும். ஆகவே மானிட்டரை முழங்காலருகே கொண்டுவாருங்கள். புளூடூத் ஸ்பீக்கர், புளூடூத் ஹெட்போன் இரண்டும் வாசிப்புக்கு ஆகவே ஆகாது.

வாங்க வேண்டியது இரண்டு அவுட்புட் உள்ள எளிய யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ்; லேப்டாப்பின் ஒலியை யூஎஸ்பி வழியாக வெளியே எடுத்துத் தரும் சிறு பெட்டி அது. தாமதத்தைக் குறைக்கத் தயாரிப்பாளர் தரும் ஆசியோ (ASIO) டிரைவரை ஏற்றி, மென்பொருளின் ஆடியோ செட்டிங்ஸில் அதையே தேர்ந்தெடுத்து, பஃபரை 256-ல் வையுங்கள். சஸ்டெயின் பெடலை மிதித்தபடி இரு கையாலும் கனமான கார்டுகளை மாற்றி மாற்றி அழுத்துங்கள். பொரிவதுபோல் சத்தம் கேட்டால் உடனே 512-க்குத் தாவ வேண்டாம். வைஃபை, புளூடூத், அப்டேட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள். மின்சாரம் சேமிக்க யூஎஸ்பியைத் தூங்க வைக்கும் செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும். முதல் ஒரு மணி நேரம் ஒழுங்காக இருந்து பிறகு பொரிந்தால், மேடை விளக்கின் சூட்டில் லேப்டாப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்று பொருள். அடியில் காற்றோட்டம் கிடைக்கும்படி ஸ்டாண்டில் வையுங்கள்.

அடுத்து இரைச்சல். வாசிக்கும்போதே சார்ஜர் ஒயரைப் பத்து விநாடி லேப்டாப்பிலிருந்து உருவிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், லேப்டாப்பும் மிக்சரும் இரு வழியாக எர்த்தில் சேர்ந்து ஒரு வளையம் உண்டாகியிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள இரண்டு சேனல் பாஸிவ் டிஐ பாக்ஸை (கருவியின் ஒலியை மைக் கேபிளுக்கு ஏற்றதாக மாற்றித் தரும் பெட்டி) நடுவில் வைத்து, ஒலி ஒயரின் எர்த் இணைப்பைத் துண்டிக்கும் அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அங்கிருந்து மிக்சருக்கு மைக் கேபிள். இதற்குப் பதிலாக பிளக்கின் எர்த் பின்னை முறிக்கிற வழக்கம் பல மைக் செட்டுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். குமரியில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. நனைந்த மேடையில் பாடுகிறவரின் உதடு மைக்கைத் தொடும்போது உயிரே போகலாம். லைட் செட் ஓடும் போர்டிலிருந்து ஒலிக்கருவிகளுக்குக் கரண்ட் எடுப்பதையும் தவிருங்கள்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் லேப்டாப்பும் அதிலிருந்தே மின்சாரம் பெறும் இன்டர்ஃபேஸும் பேட்டரியில் தப்பிவிடும். அடாப்டரில் ஓடும் கீபோர்டு அணைந்து, யூஎஸ்பி தொடர்பும் அறும். 600 விஏ யூபிஎஸ் ஒன்றைக் கீபோர்டுக்கு வையுங்கள்.

நாதஸ்வரம், வயலின் டோன்களில் கமகத்துக்குச் சுரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் வீலைப் பயன்படுத்துவீர்கள். மென்பொருளில் பிட்ச் பெண்ட் அளவு 12 அரைச்சுரம் என்று வைத்திருந்தால், சிறு அசைவுக்கே சுரம் எங்கோ ஓடிவிடும். கை பழகிய அளவையே, பொதுவாக 2, ஒவ்வொரு டோனிலும் வைத்துச் சேமியுங்கள். டிராக்கோடு வாசித்தால் சாம்பிள் ரேட்டையும் பாருங்கள். 44.1-ல் பதிந்த டிராக் 48-ல் தவறாக ஓடினால், சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் ஏறி, பாடகருக்கு எந்தக் கட்டையும் பொருந்தாது. டிராக், மென்பொருள், இன்டர்ஃபேஸ் மூன்றும் ஒரே எண்ணில் இருக்கட்டும்.

ஒரு கட்டைக்கு இரட்டைச் சத்தம் கேட்டால், மென்பொருள் மிடி தகவலை (எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்ற செய்தி) கீபோர்டுக்கே திருப்பி அனுப்புகிறது. அந்த மிடி அவுட்டை அணைத்தால் போதும்.

கடலோரச் சர்ச்சுகளில் உப்புக்காற்று ஜாக்குகளைக் கெடுக்கும். அங்கிருந்து திரும்பியதும் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள்.

கீபோர்டின் சொந்த அவுட்புட்டை மட்டும் கழற்றிவிட வேண்டாம். லேப்டாப்புக்கு இரண்டு சேனல், கீபோர்டுக்குத் தனியாக ஒரு சேனல் கேளுங்கள். கட்டையை அழுத்தினால் கீபோர்டின் சொந்த ஒலியும் எழ, அதில் 'லோக்கல்' என்ற அமைப்பு ஆன் நிலையிலேயே இருக்கட்டும். அந்தச் சேனலை மிக்சரில் மியூட் செய்து வைக்கலாம். பாட்டு நடுவில் லேப்டாப் நின்றால் சவுண்டுக்காரர் மியூட்டை எடுத்தால் போதும், உங்கள் கை நிற்காது. எந்தச் சைகைக்கு எடுக்க வேண்டும் என்பதை சவுண்ட் செக்கிலேயே அவரிடம் பேசி, ஒருமுறை வேண்டுமென்றே யூஎஸ்பியைப் பிடுங்கிச் சோதித்துக்கொள்ளுங்கள்.